குடி கேட்காத அழைப்பு

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வரையிலான கரையோரத்தில் ஒரு மனிதரை இன்னார் என்று அறிய, அவருடைய பேருக்கு அடுத்தபடியாக நெடுங்காலம் கேட்கப்பட்டு வந்தது அவருடைய குடி. தமிழரிடமும் சோனகரிடமும் அது தாய்வழியே இறங்கியது. யாரைக் கலியாணம் முடிக்கலாம், யாரை முடிக்கக் கூடாது என்பதைக் குடி சொன்னது. கோயில் திருவிழாவில் எந்த நாள் எவருக்கு, வண்ணக்கராக யார் இருக்கலாம், பள்ளிவாசலில் மரைக்காயராக யார் அமரலாம் என்பதையும் அதுவே சொன்னது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போனதால், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்ந்தான். வயல், வளவு, வரிசை, மையத்து எடுப்பது வரை எல்லாம் ஒரு கூட்டத்தின் பெயரால் நடந்த மண் இது. இந்த மண்ணுக்கு 1814-இல் வெஸ்லியன் மிஷனரிமார் கொண்டுவந்த செய்தியில் எது புதிது என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் எனக்குச் சரியாகப் படவில்லை. கடவுள் மனிதனைத் தேடி வந்து தன்னோடு உறவாட அழைக்கிறார், மனிதன் பணிவோடு ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும் என்பதே அவர்களுடைய போதனையின் சாரம். இங்கே புதுமை அழைப்பில் இருந்ததைவிட, அதற்கான பதிலை யார் சொல்வது என்பதில்தான் இருந்தது.

மனத்துக்குள் இறங்கும் பக்தி இந்தக் கரைக்குப் புதிதல்ல. கிறிஸ்தவ எழுத்தாளர் சிலர், சைவமும் இஸ்லாமும் வெளிச் சடங்குகளோடு நின்றன, இதயத்தின் மதத்தைச் சுவிசேஷமே கொண்டுவந்தது என்ற தொனியில் எழுதியிருக்கிறார்கள். அது அறியாமை. திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாக வந்து மாணிக்கவாசகரை ஆட்கொண்ட சிவனின் கதை, கடவுளே முதல் அடி எடுத்து வைக்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, இறைவனைக் காதலியாகப் பாவித்துத் தமிழில் பாடினார். அவருடைய பாடல்களில் உள்ள நெருக்கத்துக்கு மேல் ஒரு நெருக்கத்தை எந்தப் பிரசங்கியாலும் கேட்டிருக்க முடியாது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி, நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் எழுந்தது. அவருடைய அடக்கம் நாகூரில். இங்கே இருப்பது நினைவிடம் மட்டுமே. ஆயினும் ஆண்டுதோறும் கொடியேற்றத்துக்கு முஸ்லிம்களோடு இந்துக்களும் நேர்ச்சை கொண்டு வந்தார்கள். தன் குறையை நேரே சொல்லிக் கேட்க ஒரு பெரியவர் உண்டு என்ற நம்பிக்கை தனி மனிதருடைய உறவில்லாமல் வேறென்ன? ஆகவே அகப்பக்தியையும் கடவுள் முந்தி வருவதையும் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியவையாக எழுதி வைப்பது வரலாற்றுக்கு ஒத்துவராது.

மிஷனரிமாருக்கு முன்னரே கிறிஸ்தவம் இங்கு வந்திருந்தது, வேறு உருவத்தில். போர்த்துக்கேயர் 1628-இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். 1638-இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்சியில் ஞானஸ்நானம் ஒரு அரசாங்கக் காரியமாகவே இருந்தது. ஞானஸ்நானம் பெறாதவருக்குக் கம்பனியின் கீழ் உத்தியோகம் கிடையாது. கலியாணமும் பிறப்பும் பாடசாலை உபாத்தியாயர் வைத்திருந்த தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட வேண்டும், வாரிசுரிமைக்கு அந்தப் பதிவே ஆதாரம். மட்டக்களப்பில் இந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்தில்போல் ஊருக்கு ஊர் வேர்விடவில்லை. இங்கே கம்பனியின் பிடி பெரும்பாலும் கோட்டையைச் சுற்றியே நின்றது. கரையோரத்தின் மீதான உரிமையைக் கண்டியரசன் 1766 உடன்படிக்கையில்தான் விட்டுக்கொடுத்தான். ஆனால் இந்த முறை எங்கே போய் முடிந்தது என்பதை யாழ்ப்பாணமும் தென்மேற்குக் கரையும் தெளிவாகக் காட்டின. ஆங்கிலேயர் வந்த புதிதில் தீவில் இருந்த புரட்டஸ்தாந்தர் மூன்று இலட்சத்துக்கும் அதிகம் என்று ஏட்டுக் கணக்குச் சொல்லிற்று. 1796-க்குப் பிறகு உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் தேவாலயங்கள் பாழடைந்தன, மக்கள் கோயிலுக்கும் விகாரைக்கும் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்பதுகூடப் பிழை. பெரும்பாலோர் அங்கிருந்து போனதே இல்லை. 1850-இல் இலங்கையின் கிறிஸ்தவத்தைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் ஆங்கில அரசின் பெரிய அதிகாரி. மதத்தை வேலைவாய்ப்போடு கட்டிய ஒல்லாந்த முறையே அந்தச் சரிவுக்குக் காரணம் என்று கண்டவர்களில் அவரும் ஒருவர். ஒல்லாந்தர் காலத்தில் ‘ஆம்’ சொன்னது தோம்பு. மனிதரை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பின்னணியில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்ததைப் பார்க்க வேண்டும். தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட வெஸ்லியன் மெதடிஸ்தக் குழுவில் ஒருவர் அவர். கோக் 1814 மே 3-ஆம் தேதி கடலிலேயே இறந்தார். ஓல்டின் மனைவியும் அதே பயணத்தில் இறந்து கடலில் அடக்கமானார். ஜூன் 29-இல் எஞ்சியவர்கள் தென்கரையில் இறங்கி, ஊர்களைத் தமக்குள் பங்கிட்டார்கள். மட்டக்களப்பு ஓல்டின் பங்குக்கு வந்தது, அதுவும் தனியாக. எட்டு மாதம்தான். 1815 ஏப்ரல் 1-ஆம் தேதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்தே எண்ணுகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் லகூனைக் கடந்து தெற்கே கல்முனை வரை பாடசாலைகளும் ஆராதனைக் கூடங்களும் அமைத்தார்கள். கம்பனிக் காலத்துப் பாதிரிமாரிடமிருந்து இவர்களைப் பிரித்தது போதனை மட்டுமல்ல, ஒரு நடைமுறையும்தான். 1742-இல் பிரிஸ்டல் நகரில், தேவாலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி சேர்ப்பதற்காக, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். பணம் வாங்கப் போனவர்கள் ஆளின் நிலையையும் விசாரிக்கத் தொடங்கினார்கள். வகுப்புக் கூட்டம் பிறந்தது இப்படித்தான். கடன் அடைக்கப் போய் ஆத்தும விசாரணையில் முடிந்த கதை. பன்னிரண்டு பேர் அளவில் ஒரு வகுப்பு, அதற்கு ஒரு தலைவர், வாரம் ஒரு கூட்டம். சபையில் சேர விரும்புகிறவருக்கு முதலில் பரீட்சைக் காலம். சேர்ந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரித்து, உறுப்பினர் பெயர் எழுதிய சிறு அட்டை டிக்கட் புதுப்பிக்கப்படும். ஒழுங்காக வராதவருக்கு அடுத்த டிக்கட் இல்லை.

அந்த அட்டையை ஒல்லாந்தத் தோம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். தோம்பு குடும்பத்தைப் பதிந்தது, ஒருமுறை பதிந்தால் போதும், அதைக் காட்டிக் காணி வாங்கலாம். டிக்கட்டைக் காட்டி எதையும் வாங்க முடியாது, மூன்று மாதத்தில் அது காலாவதி. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு வேறொன்று. வாராந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்டது உன் குடி என்ன என்பதல்ல, உன் உள்ளம் எப்படி இருக்கிறது என்பது. அதை வேறு குடிக்காரர், சில வேளை தாழ்ந்ததாக எண்ணப்பட்ட சாதிக்காரர் காதில் விழச் சொல்ல வேண்டும். வரிசையும் முன்னுரிமையும் உயிருக்குச் சமமாகப் பேணப்பட்ட ஊரில், போடியார் வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் குறையைத் தன் வயற்காரன் முன்னால் ஒப்புக்கொள்வது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். பணிவு என்று மிஷன் பேசியது அங்கே ஒரு மனநிலையாக நிற்கவில்லை. எங்கே உட்காருகிறாய், யாருக்கு முன் வாய் திறக்கிறாய் என்ற காரியமாயிற்று. சொந்த மதிப்பை வாசலில் விட்டுவிட்டு வருவதற்கு நடைமுறையில் இதைவிடத் தெளிவான பொருள் கிடைக்காது.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் ஒரு விருந்துக் கதை உண்டு. பெரிய விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் வயல் வாங்கியிருப்பதாகச் சொல்லி மறுக்கிறான், இன்னொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருப்பதாகச் சொல்கிறான், மூன்றாமவன் புதிதாகக் கலியாணம் முடித்தவன். பிரசங்க மேடைகளில் இவை வெறும் சாக்குப்போக்குகளாகவே விளக்கப்படுவது வழக்கம். இந்தக் கரையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. வயலும் மாடும் கலியாணமும்தான் இங்கே வாழ்வு. மூன்றையும் பிணைத்தது குடி. ஆண் ஒருவன் தனியாக ‘ஆம்’ என்றால் அவன் உறங்கும் வீடு யாருடையது? மனைவியுடையது, அவளுடைய தாய்வழி கொடுத்தது. அவன் ஞானஸ்நானம் எடுத்துவிட்டு மாலையில் திரும்பிப் போகும் வாசல் அவனுடையதே அல்ல. பெண் சொன்னாலோ வீடு அவள் பெயரில், ஆனால் அவளுடைய பெண் மக்களுக்கு மாப்பிள்ளை எந்தக் குடியிலிருந்து வருவான்? தனிப்பட்ட உறவு என்று மிஷனரிமார் எளிதாகச் சொன்னதன் விலையைத் தனி ஆள் மட்டும் செலுத்தவில்லை, பேரப்பிள்ளைகள் வரை செலுத்த நேர்ந்தது. ஐரோப்பியப் போதகர் பலர் இதைப் புரிந்துகொள்ளாமலே, கிழக்கு மாகாணத்து மக்கள் மந்தமானவர்கள் என்று முடிவுகட்டினார்கள். மந்தம் கேட்டவர்களிடம் இல்லை, கணக்குப் பார்த்தவர்களிடம் இருந்தது.

மிஷன் தனி மனிதரின் பதிலைக் கேட்டது என்பதற்கு எதிராக உடனே எழும் வாதம் பாடசாலைகளைப் பற்றியது. கம்பனி உத்தியோகத்தைக் காட்டிப் பிடித்தது, மிஷன் ஆங்கிலத்தைக் காட்டிப் பிடித்தது. தூண்டில் மாறியதே தவிர மீன் மாறவில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை. ஆங்கிலம் படித்தால் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை, வேதம் படிக்காமல் ஆங்கிலம் இல்லை என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. பெற்றோரின் அச்சத்துக்கு நியாயம் இருந்தது. கண்டியிலிருந்து 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய சித்திலெப்பை, மதம் மாறிவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் இருப்பதற்குப் பரிகாரம் நமக்கென்று பாடசாலை அமைப்பதே என்று ஓயாமல் வாதாடினார். அவருக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், வெஸ்லியன் பாதிரியார் பீற்றர் பார்சிவலோடு விவிலியத் தமிழ்ப் பெயர்ப்பில் உழைத்துவிட்டு, 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை திறந்தார். ஆனால் தூண்டில் வாதம் ஒன்றை விளக்காமல் விடுகிறது. மிஷனின் ஆண்டறிக்கைகளில் பாடசாலை மாணவர் ஒரு நிரலிலும் சபை உறுப்பினர் வேறொரு நிரலிலும் எண்ணப்பட்டார்கள். முதலாவது எப்போதும் இரண்டாவதைப் பன்மடங்கு மிஞ்சி நின்றது. படிப்புக்கு வந்தவர்களையெல்லாம் கிறிஸ்தவர் என்று எழுதிவிடுவது எளிது, ஒல்லாந்தர் அதைத்தான் செய்தார்கள். வெஸ்லியன்காரர் தங்களுக்கு வெட்கம் தரும் சிறிய எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு அச்சிட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள்.

இந்த இடைவெளிக்கு மிகச் சிறந்த சாட்சி காரைதீவிலிருந்து வருகிறது. 1892-இல் அங்கே பிறந்த மயில்வாகனன் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தார், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கத்தோலிக்கக் குருமாரிடம் படித்தார். இரண்டு சபைகளின் அழைப்பும் அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். அவர் 1924-இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1947-இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ ஆசிரியராகவும் நாம் அறிந்த மனிதர். ஈசன் விரும்பும் மலர் தோட்டத்துப் பூ அல்ல, மனிதனின் உள்ளமே என்று அவர் பாடிய பாட்டு இன்றும் இப்பகுதிப் பாடசாலைகளில் ஒலிக்கிறது. மிஷன் பாடசாலை வெறும் தூண்டில் என்றால் இவர் அதில் சிக்கியிருக்க வேண்டும். மிஷன் தன் மாணவரைக் கட்டாயப்படுத்தியது என்றால் இவர் தன் மனத்தை ஒளித்தாவது நடித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கேட்டார், கற்றார், வேறு வாசலால் போனார். அவருடைய மறுப்பை மிஷனின் தோல்வியாக எண்ணுவோர் உண்டு. எனக்கு அது மிஷன் தன்னையறியாமல் காத்த ஒழுங்கின் அத்தாட்சி: இல்லை என்று சொல்ல இடமிருந்தது, ஆகவே ஆம் என்றவர்களின் சொல்லுக்கும் மதிப்பிருந்தது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கடுமையானது. ஆளும் இனத்தார் ஆளப்படுவோரிடம் வந்து பணிந்து நட என்பது எந்த வகைப் பணிவு? இதற்கு முழுமையான விடை இல்லை. மிஷனரிமாரின் கடிதங்களில் நம் முன்னோரைப் பற்றிய இகழ்ச்சிக்குக் குறைவில்லை. அவர்களும் ஒல்லாந்தரின் பிழையைத் திரும்பச் செய்த இடம் ஒன்று உண்டு. 1840-களில் மட்டக்களப்பில் பணியாற்றிய ரால்ப் ஸ்டொட், பிந்தனைக் காட்டு வேடர்களிடம் போனார். அரசாங்கம் குடிசை கட்டிக் கொடுத்தது, நிலம் திருத்தியது, விதை கொடுத்தது. வேடர் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். குடியேற்றங்கள் சரிந்தபோது மதமும் பெரும்பாலும் சரிந்தது. அதே ஸ்டொட் 1862-இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நம் தமிழரிடையே தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். கொடுப்பதற்குக் காணியோ வீடோ அங்கே அவர் கையில் இல்லை. அந்த முதிய வயதில் அவர் செய்த வேலையே எனக்குக் கூடுதல் மரியாதை தருகிறது. பணிவு அழைக்கப்படுகிறவரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும்போது அது அடிமைத்தனத்துக்கு மிக அருகில் போய்விடுகிறது. இதைக் கூர்மையாகச் சொன்னவர் இலங்கைத் தமிழ் மெதடிஸ்தர் டி. ரி. நைல்ஸ். 1948-இல் அம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் பேரவையின் தொடக்க ஆராதனையில் பேசிய அவர், சுவிசேஷம் சொல்வதை, சோறு கிடைக்குமிடத்தை ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதோடு ஒப்பிட்டவர். அப்படிச் சொல்ல ஆளப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

முஸ்லிம் ஊர்களைப் பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களில் இருநூறு ஆண்டுப் பிரசங்கத்துக்குப் பலன் ஏறக்குறைய இல்லை. அழைப்பு உண்மையில் கடவுளுடையது என்றால் இப்படியா முடியும் என்று கேட்பவர்களுக்கும், இவர்கள் கல்நெஞ்சர் என்று சொல்லிய பழைய மிஷனரிமாருக்கும் ஒரே விடைதான். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் 1626-இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக நூல்கள் சொல்கின்றன. சிலுவையைக் கப்பல் கொடியில் முதலில் பார்த்தவர்களின் நினைவு அத்தனை எளிதில் மாறாது. அதற்கும் மேலாக, அவர்கள் கடவுளோடு உறவில்லாதவர்களாய் இருந்து அழைப்பை மறுக்கவில்லை. பிடரி நரம்பைவிட அருகில் இருப்பவன் என்று தாம் நம்பிய ஒருவனிடம் ஐந்து வேளை நெற்றி நிலம் தொடப் பணிந்துகொண்டே மறுத்தார்கள். கடவுளைத் தந்தை என்று அழைப்பது அவர்களுக்குப் பணிவாகப் படவில்லை, எல்லை மீறலாகப் பட்டது. கிறிஸ்தவ நம்பிக்கையின்படியே பார்த்தாலும், மறுப்பவனெல்லாம் செருக்குள்ளவன் என்ற முடிவு வராது. வெஸ்லி மரபு, கிருபை எல்லாருக்கும் முன்னே சென்று காத்திருக்கிறது, ஆனால் எவரையும் இழுத்துப்போகாது என்று கற்பித்தது. தன் கடவுளே காத்திருப்பதாகச் சொல்லும் சபை பொறுமையிழப்பதற்கு நியாயம் இல்லை.

1796 ஒரு சோதனை என்றால், 1960-61 இன்னொன்று. அந்த ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைச் சட்டங்கள் மூலம் கையேற்றது. கல்முனையில் வெஸ்லி, கார்மேல் பற்றிமா என்ற பெயர்கள் இன்றும் பாடசாலை வாசல்களில் உண்டு, நிருவாகம் அரசாங்கத்தினுடையது. சபையிடம் கொடுப்பதற்கு இடமும் இல்லை, வேலையும் இல்லை. ஒல்லாந்தக் கணக்குப்படி எல்லாரும் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. அம்பாறை மாவட்டத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் என்றாலும், மெதடிஸ்தத் திருச்சபை 1964-இல் தன்னாட்சி பெற்று, 2004 கடல்கோளையும் போரையும் தாண்டி நிற்கிறது. இதை என் வாதத்துக்கு முழு வெற்றியாக எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். ஐந்தாறு தலைமுறைக்குப் பிறகு கிறிஸ்தவமும் இங்கே ஒரு குடியைப்போல் ஆகிவிட்டது: பிறப்பால் வருகிறது, தங்களுக்குள் சம்பந்தம் செய்கிறார்கள், ஆலய நிருவாகத்தில் சில குடும்பங்களுக்கு எழுதாத உரிமை உண்டு. வகுப்புக் கூட்டமும் டிக்கட்டும் பழைய வலுவோடு இல்லை. பெற்றோர் சொன்ன ஆம் பிள்ளையின் ஆம் ஆகுமா என்ற சிக்கல் தங்கள் மக்களிடமும் எழும் என்பதை மெதடிஸ்தர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1755 ஓகஸ்ட் 11-இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வெஸ்லி முதன்முதல் நடத்திய உடன்படிக்கை ஆராதனை, ஏற்கெனவே உறுப்பினராய் இருப்பவர்களைத்தான் மறுபடியும் எழுந்து நின்று பதில் சொல்லக் கேட்கிறது. இலங்கையின் மெதடிஸ்த ஆலயங்களில் அது புத்தாண்டையொட்டி நடக்கிறது. இனி நான் எனக்குரியவன் அல்ல, உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் சம்மதம் என்ற பொருளில் சபையார் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அந்த வேளையில் யாருக்கு எந்த வரிசை என்ற ஏற்பாடு இல்லை.